வெளியே பூட்டு... உள்ளே ஆயா! இருபக்கமும் திறக்கும் கேட் தாழ்ப்பாள் ஏன் தேவை?

காலை ஆறு மணி. பால்காரர் கேட்டைத் தட்டுகிறார்.

"ஆயா... பால்!"

உள்ளே திண்ணையிலிருந்து குரல் வருகிறது. "கேட்டு பூட்டியிருக்குப்பா. பையன் அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போறப்பவே வெளியில பூட்டிட்டுப் போயிட்டான். சொம்பை இந்தச் சந்துல நீட்டுறேன், ஊத்திட்டுப் போ சாமி."

கம்பிச் சந்து வழியாகப் பால் சொம்பில் இறங்குகிறது. பால்காரர் அடுத்த வீட்டுக்குப் போகிறார். ஆயா அடுப்படிக்குப் போகிறார்.

தருமபுரி, பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கம் இப்படி ஒரு காலையைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். பிள்ளைகள் வேலைக்காக ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போகிற மாவட்டம் இது. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே சுமார் 15 லட்சம் பேர். அவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் கிராமங்களில் வசிப்பவர்கள். பகலில் பல வீடுகளில் மிச்சமிருப்பது தாத்தாவும் ஆயாவும்தான்.

வெளியே பூட்டிவிட்டுப் போகிற பையனைக் குறை சொல்லவும் முடியாது. அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. பகலில் அசந்து தூங்குவார். யாராவது உள்ளே புகுந்துவிட்டால்? கழுத்தில் கிடக்கிற ஒரு சவரனுக்காக ஏதாவது ஆகிவிட்டால்? பாசத்தில்தான் பூட்டுகிறார்.

ஆனால், இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பத்து மணிக்கு ஆயாவுக்கு நெஞ்சு வலித்தால்? கேஸ் அடுப்பில் தீ பற்றினால்? பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தாலும் கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். 108 வந்தாலும் அங்கேதான் நிற்க வேண்டும். சாவி ஓசூரில் இருக்கிறது.

திருடனைத் தடுக்கப் போட்ட பூட்டு, காப்பாற்ற வருகிறவரையும் தடுக்கிறது. வீட்டில் இருப்பவரையும் வெளியே விடுவதில்லை. இதற்குத் தீர்வு பூட்டே வேண்டாம் என்பதல்ல. பூட்டவும் வேண்டும், உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கவும் வேண்டும். அப்படிப்பட்ட தாழ்ப்பாள் ஒன்றும் அபூர்வப் பொருள் அல்ல. உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். என்ன கேட்டு வாங்குவது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படல் போய், தகடு வந்தது

கொஞ்ச காலத்துக்கு முன்பு வரை கிராமத்து வீடுகளுக்கும் களத்துக்கும் ஆட்டுப்பட்டிக்கும் படல்தான் வாசல். மூங்கிலையோ முள்ளையோ குச்சிகளையோ சேர்த்துக் கட்டிய தட்டி. ஒரு பக்கம் கல்தூணிலோ மரத்திலோ கட்டியிருக்கும். மறுபக்கம் ஒரு கயிற்று வளையம். வளையத்தைக் குச்சியில் மாட்டினால் வாசல் மூடிவிடும், எடுத்தால் திறந்துவிடும்.

அந்தக் கயிற்று வளையத்தை உள்ளே நிற்பவரும் எடுக்கலாம், வெளியே நிற்பவரும் எடுக்கலாம். ஆட்டுக்கும் மாட்டுக்கும்தான் அது தடை. மனிதருக்கு அல்ல.

பிறகு காம்பவுண்டு சுவர் வந்தது. அதோடு இரும்பு கேட் வந்தது. முதலில் வெறும் கம்பி கேட். அதில் கையை விட்டு எந்தப் பக்கத்திலிருந்தும் தாழ்ப்பாளை நகர்த்த முடிந்தது. அடுத்து, தெருவில் போகிறவர்களுக்கு வீடு தெரியக் கூடாது என்று கம்பிக்குப் பின்னால் தகடு அடித்தார்கள். அந்தத் தகடு வந்த அன்றுதான் சிக்கல் தொடங்கியது. தாழ்ப்பாள் ஏதோ ஒரு பக்கத்துக்கு மட்டும் சொந்தமாகிவிட்டது. உள்ளே வைத்தால் வெளியிலிருந்து வருகிறவர் தட்டிக்கொண்டே நிற்க வேண்டும். வெளியே வைத்தால் உள்ளே இருப்பவர் அடைபட்டுப் போவார்.

அதியமான் வாசலில் ஔவையார்

வாசலில் காத்து நிற்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சங்ககாலத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. அதை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவனிடம் பரிசில் கேட்டு வந்த ஔவையாருக்கு ஒருமுறை தாமதம் ஏற்பட்டது. மன்னனை நேரடியாகக் கடிந்துகொள்ளாமல், வாசலைக் காத்து நின்ற காவலனைக் கூப்பிட்டுப் பாடினார் ஔவையார். புறநானூற்றின் 206-வது பாட்டு அது. உங்கள் அரசனுக்குத் தன்னைத் தெரியாதா, என் தகுதி தெரியாதா என்று கேட்டுவிட்டு, எந்தத் திசைக்குப் போனாலும் தனக்குச் சோறு கிடைக்கும் என்று யாழைக் கட்டிக்கொண்டு கிளம்பத் தயாராகிறார்.

ஔவையாரால் அப்படிச் சொல்ல முடிந்ததற்கு ஒரு காரணம், அவர் வாசலுக்கு வெளியே நின்றார். பிடிக்காவிட்டால் போய்விடலாம். கேட்டுக்கு உள்ளே பூட்டப்பட்ட ஆயாவுக்கு அந்த வசதி இல்லை.

வேதாரண்யம் கோயில் கதவின் கதையும் நமக்குத் தெரியும். பூட்டிக் கிடந்த கதவு திறக்க அப்பர் பாடினார், மீண்டும் அது அடைபடச் சம்பந்தர் பாடினார் என்கிறது பெரியபுராணம். திறக்க ஒருவர், அடைக்க ஒருவர். நம் வீட்டு கேட்டில் அந்த இரண்டு வேலையையும் ஒரே தாழ்ப்பாள் செய்தாக வேண்டும்.

பூட்டிய கதவுகள் சொன்ன பாடம்

உள்ளிருந்து திறக்க முடியாத கதவு எவ்வளவு ஆபத்தானது என்பதை உலகம் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றது.

1883 ஜூன் 16. இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் நகரில் விக்டோரியா ஹால் என்ற அரங்கில் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி. முடியும்போது கீழே பரிசு கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், மாடியில் இருந்த குழந்தைகள் படிக்கட்டில் ஓடினார்கள். படிக்கட்டின் அடியிலிருந்த கதவு, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் இடம் விட்டுத் தாழிடப்பட்டிருந்தது. முன்னே போனவர்கள் சிக்கிக்கொள்ள, பின்னே வந்தவர்கள் தெரியாமல் நெருக்கினார்கள். 183 குழந்தைகள் இறந்துபோனார்கள். அங்கே தீயே பிடிக்கவில்லை என்பதுதான் கொடுமை. ஒரு தாழ்ப்பாள், அவ்வளவுதான்.

இந்தத் துயரத்துக்குப் பிறகு, ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் என்பவர் உடம்பால் தள்ளினாலே திறந்துகொள்ளும் கதவுத் தாழ்ப்பாளுக்கு 1892-ல் காப்புரிமை பெற்றார். இன்று தியேட்டர்களிலும் மால்களிலும் அவசர வழிக் கதவின் குறுக்கே ஒரு கம்பி இருக்கிறதே, அந்த வகைதான். வெளியிலிருந்து பூட்டியிருக்கும். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும்.

நம் நாட்டிலும் நடந்தது. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் தியேட்டர் தீ விபத்தில் 59 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பால்கனியில் புகையில் மூச்சுத் திணறியவர்கள். கதவு தாழிடப்பட்டிருந்ததும், கூடுதல் இருக்கைகள் போட்டு வழியை மறித்திருந்ததும் வழக்கில் வெளிவந்தன.

தமிழ்நாட்டின் காயம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலம் பாதிக்கப்பட்டவர்கள் தங்கவைக்கப்பட்டிருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் கருகினார்கள். அவர்களைக் கட்டிப்போட்டதற்கும் 'அவர்களுடைய பாதுகாப்புக்காகத்தான்' என்றுதான் காரணம் சொல்லியிருப்பார்கள்.

இத்தனைக்கும் பிறகு சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பொதுக் கட்டடங்களில் வெளியேறும் கதவுகள், உள்ளிருந்து வெளியேறுகிறவர் சாவி இல்லாமலே திறக்கும்படி இருக்க வேண்டும் என்கிறது 2016-ம் ஆண்டின் தேசிய கட்டட விதித்தொகுப்பு. தனி வீட்டின் கேட்டை யாரும் வந்து சோதிக்கப் போவதில்லை. ஆனால் அந்த விதியின் பின்னே இருக்கிற நியாயம் வீட்டுக்கும் பொருந்தும்.

என்னென்ன வழி இருக்கிறது?

இருபக்கமும் திறக்கும் பூட்டு என்றதும் விலை உயர்ந்த ஏதோ ஒன்று என்று நினைக்க வேண்டாம். எளிமையானதிலிருந்து பார்ப்போம்.

1. கை ஜன்னல்

பெரும்பாலான கேட்டுகளில் இருப்பது ஆல்ட்ராப். உருளைக் கம்பி பக்கவாட்டில் நகர்ந்து துளைக்குள் போகும், மேலே பூட்டுப் போடுவோமே, அதுதான். தகடு அடித்த கேட்டில் ஆல்ட்ராப் இருக்கும் இடத்துக்கு நேராக, ஒரு கை தாராளமாக நுழையும் அளவுக்குத் தகட்டை வெட்டி எடுத்தால் போதும். இரண்டு பக்கத்திலிருந்தும் பூட்டைத் தொட முடியும். சாவி இரண்டு பேரிடமும் இருந்தால், யார் எந்தப் பக்கம் நின்றாலும் திறக்கலாம். வெட்டிய ஓரத்தைத் தேய்த்து மழுங்கச் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவசரத்தில் கையைக் கிழித்துவிடும்.

2. சங்கிலியில் இரண்டு பூட்டு

இது தோட்டத்துக்காரர்களுக்கு ரொம்பவே பயன்படும். கேட்டைச் சுற்றிவரும் சங்கிலியின் இரு முனைகளையும் ஒரே பூட்டால் இணைக்காமல், இரண்டு பூட்டுகளை ஒன்றோடொன்று கோர்த்து இணைக்க வேண்டும். இரண்டில் எதைத் திறந்தாலும் சங்கிலி கழன்றுவிடும். ஆயாவிடம் ஒரு பூட்டின் சாவி, பையனிடம் மற்றொன்றின் சாவி. ஒருவர் சாவியைத் தொலைத்தாலும் மற்றவருக்குப் பாதிப்பில்லை.

பங்காளிகள் இருவருக்குப் பொதுவான கிணற்றுப் பாதையிலும் இதே முறையைச் செய்யலாம். "அவன் பூட்டிட்டுப் போயிட்டான்" என்ற சண்டைக்கே இடமிருக்காது. ஒன்றில் மட்டும் கவனம் தேவை. திறந்தவர் மூடும்போது, தன் பூட்டை அடுத்தவர் பூட்டோடு கோர்த்துத்தான் மூட வேண்டும். சங்கிலியின் இரு முனைகளையும் தன் பூட்டுக்குள்ளேயே இணைத்துவிட்டால், மற்றவருக்கு வழி அடைபட்டுவிடும்.

பூட்டு என்றால் நமக்குத் திண்டுக்கல்தான். மாங்காய் வடிவப் பூட்டு முதல் ரகம் ரகமாகக் கையாலேயே செய்த ஊர். 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கனமான கைவேலைப் பூட்டு எதுவானாலும், திறக்க வேண்டியவர் கையில் சாவி இல்லாவிட்டால் அது சுவருக்குச் சமம்.

3. வெளியே சாவி, உள்ளே குமிழ்

வீட்டு முன்கதவில் பலர் போட்டிருக்கும் பூட்டு வகை இது. கேட்டுக்கும் கிடைக்கிறது. வெளிப்பக்கம் சாவித் துளை. உள்பக்கம் திருகுகிற ஒரு குமிழ். இரண்டையும் ஒரு தட்டைக் கம்பி இணைக்கிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தக் கம்பி சுழன்று, பூட்டின் நாக்கை உள்ளே இழுக்கும். வெளியே இருப்பவருக்குச் சாவி வேண்டும். உள்ளே இருப்பவருக்கு விரல் போதும். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பானது இல்லை.

சாவித் துளைக்குள்ளே இருப்பவை சின்னச் சின்ன ஊசிகள். சரியான சாவி நுழைந்தால் எல்லா ஊசிகளும் ஒரே மட்டத்துக்கு வந்து உருளை சுழலும். எகிப்தியர்கள் மரத்தில் செய்த பழங்காலப் பூட்டிலும் இதே தத்துவம்தான். 1860-களில் அமெரிக்காவின் லைனஸ் யேல் அதைச் சட்டைப் பையில் அடங்கும் தட்டைச் சாவியாக மாற்றினார்.

4. இருபக்கமும் சாவி

உள்ளேயும் வெளியேயும் சாவி போட்டுத்தான் திறக்க முடியும் என்ற வகையும் உண்டு. திருடனுக்கு எதிராக இது பலமானது. கம்பிக்குள் கைவிட்டாலும் அவனால் எதுவும் செய்ய முடியாது. ஆனால் புகை சூழ்ந்த நேரத்தில், இருட்டில், பதற்றத்தில் சாவியைத் தேடுவது நடக்கிற காரியமா? இந்த வகையைப் போட்டால், உள்சாவி ஒன்று எப்போதும் ஒரே ஆணியில் தொங்க வேண்டும். கேட்டிலிருந்து கை எட்டாத தூரம், ஆனால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடம். அந்தச் சாவியை வேறு வேலைக்கு எடுக்கவே கூடாது.

5. மின் பூட்டு

பட்டனை அமுக்கினால் திறக்கும் கேட் இப்போது தருமபுரி நகரத்து வீடுகளிலும் வந்துவிட்டது. வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கரன்ட் போனால் இது திறந்துகொள்ளுமா, பூட்டிக்கொள்ளுமா?" இரண்டு வகையும் உண்டு. பூட்டிக்கொள்ளும் வகை என்றால், கரன்ட் இல்லாதபோது கையால் விடுவிக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று வீட்டிலுள்ள பெரியவருக்கும் காட்டிக் கொடுத்து, ஒருமுறை அவர் கையாலேயே திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

திருடன் கைவிட்டால்?

"உள்ளே குமிழ் வைத்தால், கம்பிச் சந்தில் கையை விட்டு அவனே திருகிவிடுவானே?" நியாயமான கேள்வி. கம்பி கேட்டில் இந்த ஆபத்து நிஜம்.

அதற்கும் பட்டறையிலேயே வழி உண்டு. குமிழைச் சுற்றிக் கேட்டின் கம்பிகள் மேல், ஒரு முழுக் கை நீளத்துக்கு நான்கு பக்கமும் தகடு அடிக்க வேண்டும். அப்போது வெளியிலிருந்து நுழையும் கை குமிழை எட்டாது. கேட்டின் மேல்பக்கம் தாழ்வாக இருந்தால், மேலாகக் கையை விட்டுத் தொட முடிகிறதா என்றும் பாருங்கள். தொட முடிந்தால், குமிழை இன்னும் கீழே இறக்க வேண்டும். கேட்டுக்கு அடியில் இடைவெளி இருந்தால், குச்சி விட்டுத் திருக முடியாத உயரமும் வேண்டும்.

கை ஜன்னல் முறையில் இன்னொரு தந்திரம், பூட்டுப் பெட்டி. பூட்டு தொங்கும் இடத்தைச் சுற்றி அடிப்பக்கம் மட்டும் திறந்த ஒரு தகட்டுப் பெட்டி. கையும் சாவியும் கீழிருந்து நுழையும். பூட்டை வெட்டும் நீளமான கட்டருக்கு உள்ளே இடம் கிடைக்காது.

பெரிய கேட்டை அப்படியே பூட்டிவைத்துவிட்டு, அதிலேயே ஆள் நுழைய மட்டும் ஒரு சின்னக் கதவு வைப்பது இன்னும் நல்லது. கோட்டைக் கதவிலும் கோயில் கதவிலும் நம் முன்னோர் வைத்த திட்டிவாசல்தான் அது. வண்டி வரும்போது மட்டும் பெரிய கேட். மற்ற நேரமெல்லாம் திட்டிவாசலில் இருபக்கத் தாழ்ப்பாள். பத்து அடி கேட்டைத் தள்ளும் சிரமம் வயதானவர்களுக்கு இருக்காது.

குழந்தை, கிணறு, மறதி

உள்ளிருந்து எளிதாகத் திறக்கும் தாழ்ப்பாளுக்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. இரண்டு வயதுக் குழந்தை அதைத் திறந்துகொண்டு ரோட்டுக்கு ஓடிவிட்டால்? தோட்டத்து வீடு என்றால், பத்து எட்டில் கிணறு இருக்குமே?

இதற்கு விடை, உயரம். நீச்சல் குளத்தைச் சுற்றிய வேலிக்கு ஆஸ்திரேலியாவில் கடுமையான விதி இருக்கிறது. கேட் தானாக மூடிக்கொள்ள வேண்டும், தாழ் தானாக விழ வேண்டும், அதைத் திறக்கும் பிடி தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்திலாவது இருக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் என்றால் சுமார் 5 அடி. பெரியவர் கை எட்டும், சின்னக் குழந்தை எட்டாது. கிணற்றடி வேலிக்கும் வீட்டுச் சின்னக் கதவுக்கும் அதே கணக்கைப் பின்பற்றலாம். கேட் தானாக மூட, ஸ்பிரிங் கீல் போட்டால் போதும். குழந்தை ஏறி நிற்கிற மாதிரி குறுக்குப் பட்டை கேட்டின் உள்பக்கம் இருக்கக் கூடாது. வாளியையோ ஸ்டூலையோ பக்கத்தில் விடவும் கூடாது.

மறதி நோய் உள்ள பெரியவர் வீட்டில் இருந்தால், இது இன்னும் சங்கடமான கேள்வி. கேட்டைத் திறந்துகொண்டு போனவருக்கு வீடு திரும்ப வழி தெரியாது. அதற்காக அவரைத் தனியாக உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவது தீர்வாகாது. கூட ஒருவர் இருக்க வேண்டும். அவருக்குப் பழக்கமில்லாத உயரத்தில் இரண்டாவது தாழ் வைக்கலாம். கேட் திறந்தால் ஒலிக்கும் மணி ஒன்றைக் கட்டலாம். சட்டைப் பையில் பெயரும் போன் எண்ணும் எழுதிய அட்டை வைக்கலாம். பூட்டு செய்ய வேண்டிய வேலை அங்கே குறைவு, ஆள் செய்ய வேண்டிய வேலை அதிகம்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மனைவியையோ மருமகளையோ வேலைக்கு வந்தவரையோ, அவர் விருப்பத்துக்கு மாறாக வெளியே போக விடாமல் பூட்டி வைப்பது பாதுகாப்பு அல்ல, குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது.

மாடு கெட்டிக்காரி!

கிராமத்து கேட்டுக்கு மனிதர் மட்டும் எதிரி அல்ல. தூக்கிவிட்டால் திறக்கிற தாழ்ப்பாளை மாடு கொம்பாலும் நாக்காலும் சீக்கிரமே கற்றுக்கொள்ளும். ஆட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தொழுவத்து கேட்டில் இருபக்கத் தாழ் வைக்கும்போது, தூக்கி நகர்த்துவது என்று இரண்டு வேலை சேர்ந்து செய்தால் மட்டுமே திறக்கிற வகையைத் தேர்ந்தெடுங்கள். மாடு தூக்கும். நகர்த்தாது. மனிதர் இரண்டையும் ஒரே கையால் செய்துவிடுவார்.

வெயிலும் துருவும்

புதிதாக வைத்தபோது வெண்ணெயாகத் திறந்த தாழ், ஆறு மாதத்தில் இறுகிவிடும். காரணம் பெரும்பாலும் பூட்டு அல்ல, கேட்டின் எடை. கீல் தேய்ந்து கேட் ஒரு பக்கம் தொங்கும்போது, தாழ் துளைக்கு நேராக வராது. உடனே துளையைப் பெரிதாக்கச் சொல்லாமல், கீலைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

வெயிலும் ஒரு காரணம். இரும்பு சூட்டில் நீளும். 12 அடி அகல கேட், விடியற்காலையைவிட மதியத்தில் 30 டிகிரி கூடுதலாகச் சூடானால் ஏறக்குறைய ஒன்றேகால் மில்லிமீட்டர் நீளும். சித்திரை வெயிலில் தகடு அதற்கு மேலும் காயும். தாழுக்கும் துளைக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடம் விடாவிட்டால், மதியத்தில் பிடித்துக்கொள்ளும். ஆயா தனியாக இருக்கும் நேரமும் அதுதான்.

சாவித் துளையில் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முதலில் வழுக்கும், பிறகு தூசியைச் சேர்த்துப் பிசினாகும். பென்சில் முனையைச் சீவிய கிராஃபைட் தூளைச் சாவியில் தடவிப் போட்டுத் திருப்பினால் போதும்.

பட்டறையில் என்ன சொல்வது?

புது கேட் செய்யப் போகிறவர்களும், பழையதை மாற்றப் போகிறவர்களும் பட்டறைக்காரரிடம் இவற்றைச் சொல்லுங்கள்:

* தாழ்ப்பாள் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்க வேண்டும்.
* உள்ளே இருப்பவருக்குச் சாவி இல்லாமல் திறந்தால் இன்னும் நல்லது. அப்படியானால் வெளியிலிருந்து கை எட்டாதபடி தகடு வேண்டும்.
* பெரியவர் விரல் வலுவுக்குத் திருகும்படி, பிடி பெரிதாக இருக்க வேண்டும். வழுவழுப்பான சின்னக் குமிழ் மூட்டு வலிக்காரருக்கு ஆகாது.
* இருட்டில் கண்டுபிடிக்க, பிடிக்கு வெள்ளை பெயின்ட் அடிக்க வேண்டும்.
* இரட்டை கேட் என்றால், ஒரு பக்கத்தின் தரைத் தாழ் மண் அடைத்துக்கொள்ளாதபடி குழிக்குள் குழாய் பதிக்க வேண்டும்.
* பெரிய கேட்டில் முடிந்தால் திட்டிவாசல்.

வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. ஒரு சாவி பெரியவரிடம், இடுப்பிலோ எப்போதும் இருக்கும் ஆணியிலோ. ஒன்று நம்பிக்கையான பக்கத்து வீட்டில். ஒன்று வேலைக்குப் போகிறவரிடம். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, தீயணைப்புக்கு 101 என்று பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். சாவி யார் வீட்டில் இருக்கிறது என்பதையும் போனில் பேசும்போதே சொல்லப் பழக்குங்கள்.

இன்றைக்கே ஒரு சோதனை

இன்று இரவு படுக்கப் போகும் முன் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கேட்டை வழக்கம்போல் பூட்டுங்கள். வீட்டிலேயே வயதானவரைக் கூப்பிடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, "இப்ப கேட்டைத் திறந்துட்டு வெளியில வாங்க" என்று சொல்லுங்கள். நீங்கள் உதவக் கூடாது. எத்தனை நேரம் ஆகிறது என்று மட்டும் பாருங்கள்.

அரை நிமிடத்தில் அவர் வெளியே வந்துவிட்டால், உங்கள் பூட்டு அதன் வேலையைச் சரியாகச் செய்கிறது. சாவியைத் தேடிக்கொண்டு, தடவிக்கொண்டு அவர் உள்ளேயே நின்றால், நாளைக் காலை முதல் வேலை பட்டறைக்குப் போவதுதான்.

அடுத்த மாதம் அதே வீட்டு வாசலில், அதே ஆறு மணி. பையன் ஐந்து மணி பஸ்ஸுக்கு எப்போதும்போலப் பூட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

"ஆயா... பால்!"

"இரு சாமி, வந்துட்டேன்."

உள்ளே குமிழ் திரும்புகிற சத்தம். கேட் திறக்கிறது. சொம்போடு ஆயா வாசலுக்கே வந்து நிற்கிறார்.